பச்சை எலும்பும் பூனையின் பல்லும்

பூனை வளர்ப்போரிடையே ஓர் அறிவுரை சில ஆண்டுகளாகப் பரவலாக வழங்கி வருகிறது. பூனையின் பல் கெடாமல் இருக்க வேண்டுமானால், வாரம் இரண்டு மூன்று முறை பச்சைக் கோழிக் கழுத்தையோ இறக்கையையோ எலும்போடு கொடுக்க வேண்டும் என்பது அந்த அறிவுரை. காட்டுப் பூனைக்குப் பல் துலக்கி விடுபவர் எவருமில்லை. அது எலும்பைக் கடித்தே பல்லைக் காத்துக்கொள்கிறது. வீட்டுப் பூனைக்கும் அதே வழி போதும் என்று அதற்குக் காரணமும் கூறப்படுகிறது. பெங்களூரு, புணே, குருகிராம் நகரங்களின் அடுக்ககங்களிலிருந்து சிறு நகரங்களின் வீடுகள் வரை இது எட்டியிருக்கிறது. கோழிக்கடையில் கழுத்து மலிவாகக் கிடைக்கும். பூனையும் விரும்பித் தின்னும். மருத்துவரிடம் போகும் செலவும் மிச்சம். கேட்பவர் மறுக்கக் காரணமே இல்லாததுபோல் தோன்றும் அறிவுரை இது.

ஆயினும் இதில் இரண்டு வெவ்வேறு செய்திகள் ஒன்றாகக் குழப்பப்பட்டுள்ளன. பல்லின் மேல் படியும் மஞ்சள் காரை ஒன்று. ஈறுக்கு அடியில், பல்லைத் தாங்கும் எலும்பை அரிக்கும் நோய் மற்றொன்று. பச்சை எலும்பு முதலாவதைக் குறைக்கக்கூடும். இரண்டாவதைத் தடுக்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. தடுக்கவில்லை என்பதற்கோ குறிப்பிடத்தக்க சான்று உண்டு. இந்த வேறுபாட்டைக் கருதாமல், இன்றைய இந்தியக் கோழிச் சந்தையிலிருந்து பச்சை எலும்பை வாங்கி வந்து பூனைக்குப் போடுவது, கிடைக்காத நன்மைக்காகப் பெரிய இடரை வீட்டுக்குள் அழைப்பதாகும்.

எலும்பை ஆதரிப்போர் சொல்வது முழுவதும் பிழையென்று தள்ளிவிட முடியாது. 1990களில் ஆஸ்திரேலியாவில் இயான் பில்லிங்ஹர்ஸ்ட், டாம் லான்ஸ்டேல் ஆகிய கால்நடை மருத்துவர்கள் இருவர், ஆலையில் செய்த உணவே நாய் பூனைகளின் வாய்நோய்க்குப் பெருங்காரணம் என்று எழுதத் தொடங்கினர். லான்ஸ்டேலின் பச்சை எலும்பு நூல் 2001இல் வெளிவந்தது. அவர்கள் எழுப்பிய கேள்விகளில் நியாயம் இருந்தது. உலர் உணவு மொறுமொறுப்பாக இருப்பதால் பல்லைத் தேய்த்துத் தூய்மையாக்கும் என்று அக்காலத்தில் பலரும் நம்பினர். சாதாரண உலர் உணவுத் துண்டோ பல்லின் நுனி பட்டதுமே நொறுங்கிவிடும். பல்லின் பக்கவாட்டை அது உரசுவதே அரிது. வீட்டு விலங்குகளின் வாயை எவரும் திறந்து பார்ப்பதில்லை என்ற அவர்களது குற்றச்சாட்டும் உண்மையே. அவர்கள் காட்டிய குறை சரி. அதற்குச் சொன்ன மருந்தைத்தான் ஆராய வேண்டியிருக்கிறது.

முதலில் பூனையின் வாய் எப்படி அமைந்துள்ளது என்று பார்க்கலாம். வளர்ந்த பூனைக்கு 30 பற்கள். மனிதனின் கடைவாய்ப் பற்களைப்போல் அரைப்பதற்கான தட்டையான பரப்பு அவற்றில் இல்லை. தாடை மேலும் கீழுமாக அசையுமே தவிர, மாட்டின் தாடையைப்போல் பக்கவாட்டில் அசைந்து அரைக்காது. மேல்தாடையின் நான்காம் முன்கடைவாய்ப் பல்லும் கீழ்த்தாடையின் கடைவாய்ப் பல்லும் கத்தரியின் இரு அலகுகளைப்போல் ஒன்றையொன்று உரசி நழுவும். இறைச்சியையும் சிறு எலும்பையும் அந்த அலகுகளால் துண்டாக்கி, பெரும்பாலும் மெல்லாமலே பூனை விழுங்கிவிடும். ஆகவே எலும்பு உரசுவது முக்கியமாக இக்கத்தரிப் பற்களின் மேற்பகுதியை. கோரைப் பற்களும் முன்பற்களும் அந்த உரசலை அதிகம் பெறுவதில்லை. எந்தப் பல்லானாலும் உரசல் ஈறின் விளிம்போடு நின்றுவிடும்.

நோய் தொடங்குவதோ அந்த விளிம்புக்குக் கீழே. உணவு உண்ட சில மணி நேரத்தில் பாக்டீரியாக்கள் பல்லின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படிகின்றன. அதை அகற்றாவிட்டால் எச்சிலில் உள்ள தாது உப்புகள் சேர்ந்து சில நாளில் இறுகும். அப்படி இறுகியதே காரை. படலம் ஈறுக்கு அடியில் இறங்கும்போது உடல் அதை எதிர்க்கிறது. ஈறு சிவந்து வீங்குகிறது. இந்த எதிர்ப்பு நீடித்தால் பல்லைப் பிடித்து நிறுத்தும் இழைகளும் தாடை எலும்பும் கரையத் தொடங்குகின்றன. இந்த அழிவைச் செய்வதில் காரைக்கு உள்ள பங்கு சிறிது. சொரசொரப்பான பரப்பைத் தந்து புதிய படலம் தங்க இடம் கொடுக்கிறது என்பதே அதன் பெரிய குற்றம். காரை இல்லாத வெண்ணிறப் பல்லுக்குக் கீழும் எலும்பு அரிக்கப்பட்டிருக்கலாம்.

இதை விளக்கத் தெற்கிந்தியப் பெருங்கடலில் உள்ள மேரியன் தீவைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. தென்னாப்பிரிக்காவுக்கு உரிய அக்குளிர்த்தீவின் வானிலை நிலையத்தில் எலித்தொல்லையைக் குறைக்க 1949இல் ஐந்து பூனைகள் கொண்டுவரப்பட்டன. அவை காட்டுக்குள் போய்ப் பெருகின. 1977 வாக்கில் அவற்றின் தொகை ஏறத்தாழ 3,400 என மதிப்பிடப்பட்டது. கடற்பறவைகளை ஆண்டுக்கு இலட்சக்கணக்கில் அவை கொன்றதால், அவற்றை ஒழிக்கும் பணி பல ஆண்டுகள் நடந்து 1991 வாக்கில் நிறைவுற்றது. தலைமுறை தலைமுறையாக அத்தீவுப் பூனைகள் ஆலை உணவைக் கண்டதில்லை. இறகு, தசை, எலும்பு எனப் பச்சைப் பறவையை முழுமையாகத் தின்று வாழ்ந்தவை அவை. எலும்பு ஆதரவாளர் கனவு காணும் உணவு அதுவே.

அந்தப் பூனைகளின் மண்டையோடுகளில் ஏறத்தாழ 300ஐக் கால்நடைப் பல் மருத்துவ அறிஞர் வெர்ஸ்ட்ராடேயும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 1996இல் முடிவுகளை வெளியிட்டனர். காரை படிந்திருந்தவை மிகச் சிலவே. அந்த அளவில் எலும்பு ஆதரவாளரின் கூற்று மெய்ப்பட்டது. ஆனால் அதே மண்டையோடுகளில் அறுபது விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில், பல்லைச் சுற்றியுள்ள எலும்பு நோயால் அரிக்கப்பட்ட அடையாளம் இருந்தது. பற்கள் கரைந்துபோகும் நோயும் அவற்றில் காணப்பட்டது. பல் வெண்மையாக இருந்தது. பல்லின் அடித்தளம் அழிந்துகொண்டிருந்தது.

இது ஒரு தீவுக்கு மட்டும் உரிய விந்தையன்று. ஆஸ்திரேலியாவில் காட்டில் வேட்டையாடி வாழும் பூனைகளையும் வீட்டில் ஆலை உணவு தின்னும் பூனைகளையும் கிளார்க், கேமரான் என்னும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 1998இல் எழுதினர். காட்டுப் பூனைகளுக்குக் காரை குறைவு. ஈறுநோயில் இரு கூட்டத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எலும்பை ஆதரித்த மருத்துவர்களின் நாட்டிலேயே கிடைத்த விடை இது.

எலும்பு ஆதரவாளர் எடுத்துக்காட்டும் ஆய்வு ஒன்றும் உண்டு. பிரேசிலில் பீகிள் நாய்கள் எட்டுக்குப் பச்சை மாட்டெலும்பைக் கடிக்கக் கொடுத்து, சில வாரங்களுக்குள் காரை பெருமளவு குறைந்ததைக் கண்டு 2016இல் வெளியிட்டனர். நேர்மையான ஆய்வுதான். ஆனால் அது நாயைப் பற்றியது, பூனையைப் பற்றியதன்று. நாய் எலும்பை நெடுநேரம் வைத்துக் கடிக்கும். பூனை துண்டாக்கி விழுங்கும். மேலும் அங்கே அளக்கப்பட்டது காரை. ஈறின் நலன் அளக்கப்படவில்லை. எட்டு நாய்களின் காரைக் கணக்கைக் கொண்டு கோடிக்கணக்கான பூனைகளின் ஈறுக்கு உறுதி கூறுவது ஆய்வு சொல்லாததைச் சொல்லவைப்பதாகும்.

பூனைகளுக்கே உரிய இன்னொரு நோயையும் இங்கே கருத வேண்டும். உடலே தன் பல்லைக் கரைத்துக்கொள்ளும் நோய் அது. வளர்ந்த பூனைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினவற்றிடம் இது இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. காரணம் இன்னும் தெளிவாகவில்லை. பல்லின் கழுத்துப் பகுதியில் சிறு குழியாகத் தோன்றி, உள்ளே நரம்பு வரை செல்லும். அங்கே எதுவும் பட்டால் மயக்கத்தில் இருக்கும் பூனையின் தாடைகூட வெடவெடவென்று நடுங்குவதுண்டு. அவ்வளவு கடுமையான வலி. அத்தகைய பல்லால் கோழி எலும்பைக் கடித்தால் பல் ஒடிந்து, வேர் உள்ளேயே தங்கிவிடக்கூடும். வெளிப்பார்வைக்கு நல்ல பல்லாகத் தெரிவதில் இந்நோய் இருக்கிறதா என்பதை ஊடுகதிர்ப் படம் எடுத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆகவே வாயைச் சோதிக்காமல் எலும்பு கொடுப்பவர், புண்ணைக் கல்லால் தேய்த்துத் தூய்மை செய்கிறவரை ஒத்தவராகிறார்.

பூனை வலியைக் காட்டாது என்பதும் இதோடு சேர்கிறது. வேட்டையாடும் விலங்கானாலும், தானும் பிறவற்றுக்கு இரையாகக்கூடிய சிறிய விலங்கு அது. வலியை மறைப்பதே அதன் இயல்பு. பல்வலி தாங்காத பூனையும் பசித்தால் தின்னும். ஒரு பக்கமாகவே கடிக்கும், துண்டை வாயிலிருந்து நழுவவிடும், மென்மையானதை நாடும், உடலை நக்கித் தூய்மை செய்வதைக் குறைத்துக்கொள்ளும். எலும்பை விரும்பித் தின்கிறதே என்பதைக் கொண்டு அதன் வாய் நலமாக இருக்கிறது என்று முடிவு செய்ய இயலாது.

நன்மை இவ்வளவுதான் என்றால், இடர் எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. எலும்பு தொண்டையிலும் உணவுக்குழலிலும் சிக்குவதும், மலச்சிக்கல் உண்டாவதும், பல் ஒடிவதும் எந்த நாட்டிலும் நேரக்கூடியவை. வேகவைத்த எலும்பு கூரிய சில்லுகளாகப் பிளவதால் அதைக் கொடுக்கவே கூடாது என்பதில் எலும்பு ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் ஒருமித்தே இருக்கின்றனர். ஆனால் இந்தியாவில் பச்சைக் கோழி என்பதற்குத் தனிப்பொருள் உண்டு. இங்கே கோழியின் பெரும்பகுதி உயிருடன் கூண்டில் அடைத்து விற்கப்பட்டு, வாங்குபவர் கண்முன்னே அறுக்கப்படுகிறது. பல பண்ணைகளின் பறவைகள் ஒரே கூண்டில் நெருக்கியடித்து நிற்கும். ஒரே கட்டை, ஒரே கத்தி, ஒரே வாளித் தண்ணீர். கழுத்தும் இறக்கையும் தலையும் தனியே ஒரு தட்டில் குவிந்திருக்கும். சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பரவ இதைவிட ஏற்ற இடம் இல்லை. சமைக்கும்போது நெருப்பு அவற்றைக் கொன்றுவிடுகிறது. அதனாலேயே இந்த ஏற்பாடு மனிதருக்கு ஓரளவு ஒத்துவருகிறது. பூனைக்குப் பச்சையாகப் போடும்போது அந்த நெருப்பு இடையில் இல்லை.

இப்போது பறவைக் காய்ச்சலும் இதில் சேர்ந்துவிட்டது. எச்5என்1 நச்சுயிரி பூனைக் குடும்பத்தை எளிதில் கொல்லும் என்பது புதிதாக அறியப்பட்டதன்று. 2004இல் தாய்லாந்தின் சொன்புரி மாநிலத்துப் புலிக்காட்சியகம் ஒன்றில் பச்சைக் கோழி தின்ற புலிகளிடையே இந்நோய் பரவி, நோயால் மடிந்தவையும் பரவலைத் தடுக்கக் கொல்லப்பட்டவையுமாக 147 புலிகள் போயின. 2024 இறுதியில் நாக்பூரின் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இறந்தன. இறப்புக்கு எச்5என்1 காரணம் என்று போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்குநோய் ஆய்வகம் உறுதிப்படுத்தியது. 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் வளர்ப்புப் பூனைகளிடமே இந்த நச்சுயிரி கண்டறியப்பட்டது. இந்தியாவில் வளர்ப்புப் பூனைகளில் இது பதிவானது அதுவே முதல்முறை. கோழிச் சந்தைக்கும் வீட்டுப் பூனைக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு குறுகியது என்பதை அந்நிகழ்வு காட்டிவிட்டது.

இறைச்சியை உறையவைத்துக் கொடுத்தால் தீங்கில்லை என்று சிலர் கூறுவர். அது அரைகுறை உண்மை. நன்கு உறையும் குளிரில் பல நாள் வைத்தால் டாக்சோபிளாஸ்மா போன்ற ஒட்டுண்ணியின் கூடுகள் பெரும்பாலும் அழியும். சால்மோனெல்லாவும் எச்5என்1ம் உறைநிலையில் அழிவதில்லை. உறங்கிக்கிடந்து, உருகியதும் மீண்டும் செயல்படும். மின்வெட்டில் உருகி உருகி உறையும் வீட்டுக் குளிர்ப்பெட்டியை நம்பி ஒட்டுண்ணி அழிந்தது என்று சொல்வதும் கடினம். பச்சை இறைச்சியைப் பூனைக்கும் நாய்க்கும் கொடுக்க வேண்டா என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2012இல் கொள்கையாகவே அறிவித்ததற்கு, விலங்கின் நலனோடு அந்த வீட்டு மனிதரின் நலனும் காரணம்.

மனிதரின் நலன் என்று சொல்லும்போது, அந்த வீட்டில் யார் எதைத் தொடுகிறார் என்பதைப் பார்க்க வேண்டும். பூனைக்கு எலும்பு கொடுக்க முடிவெடுப்பவர் ஒருவர். பூனை அந்தத் துண்டை இழுத்துக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் வைத்துத் தின்ற பின், தரையைத் துடைப்பவர் பல வீடுகளில் வேலைக்கு வரும் பெண். மலத்தட்டை அள்ளுபவரும் அவரே. பச்சை இறைச்சி வழியாக டாக்சோபிளாஸ்மா தொற்றிய பூனை, சில வாரங்கள் அதன் முட்டைக்கூடுகளை மலத்தில் வெளியிடும். வெளிவந்து ஒன்று முதல் ஐந்து நாளில் அவை தொற்றும் ஆற்றலைப் பெறும். கருவுற்ற பெண்ணுக்கு முதன்முறையாக இத்தொற்று நேர்ந்தால் கருவில் உள்ள குழந்தையின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். பூனையின் பல் பற்றிய முடிவு, அம்முடிவில் பங்கே இல்லாத ஒருவரின் உடலைத் தொடுகிறது. இந்தப் பக்கம் விவாதங்களில் பெரும்பாலும் பேசப்படுவதே இல்லை.

ஊட்டச்சத்தை முன்வைக்கும் வாதம் ஒன்றும் உண்டு. வெறும் சதை மட்டும் தின்னும் பூனைக்குக் கால்சியம் போதாது. சதையில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. வளரும் குட்டிக்கு எலும்பில்லாத இறைச்சியை மட்டும் மாதக்கணக்கில் கொடுத்தால், உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். கால் வளையும், எலும்பு முறியும். ஆகவே எலும்பு தேவை என்கின்றனர். தேவைப்படுவது கால்சியம் என்பது சரி. அதை அரைத்த முட்டையோட்டுப் பொடியாகவோ, மருத்துவர் கணக்கிட்டுத் தரும் துணைச்சத்தாகவோ கொடுக்கலாம். முழுச்சத்துள்ள ஆலை உணவில் அது முன்பே இருக்கிறது. ஊட்டச்சத்துக்குச் சொல்லும் காரணத்தைப் பல்லுக்குச் சொல்வதாக மாற்றிக்கொள்வதில்தான் குழப்பம் பிறக்கிறது.

எலும்பு ஆதரவாளரின் வாதங்களுள் மிக வலுவானது அறிவியலைச் சார்ந்ததன்று, பணத்தைச் சார்ந்தது. பூனையின் பல்லை முறையாகத் தூய்மை செய்ய மயக்க மருந்து வேண்டும். அதற்கு முன் குருதிச் சோதனை வேண்டும். ஈறுக்கு அடியில் சுரண்டப் பயிற்சியுள்ள கை வேண்டும். பெருநகரங்களில் இதற்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். சிறு நகரங்களில் பணம் இருந்தாலும் வசதி இல்லை. விலங்குகளுக்குப் பல் ஊடுகதிர்ப் படம் எடுக்கும் இடங்கள் மிகக் குறைவு. இந்நிலையில் சில ரூபாய்க் கோழிக் கழுத்து ஒன்றே பலருக்குக் கைக்கெட்டும் பல் மருத்துவமாகத் தோன்றுகிறது. அவர்களை அறியாதவர் என்று ஏளனம் செய்வதில் பயனில்லை. கால்நடை மருத்துவக் கல்வியிலும் அரசு மருத்துவமனைகளிலும் சிறு விலங்குகளின் பல் மருத்துவத்துக்கு இடம் ஒதுக்கப்படாத வரை, இத்தகைய அறிவுரைகள் அந்த வெற்றிடத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும். அதே வெற்றிடத்தில்தான் மயக்கமின்றிப் பல்லைச் சுரண்டித் தருகிறோம் என்னும் அழகுநிலையங்களும் முளைக்கின்றன. அவை செய்வதும் எலும்பு செய்வதையே: தெரியும் பகுதியை வெளுத்துவிட்டுத் தெரியாத பகுதியை அப்படியே விட்டுவிடுகின்றன.

ஆனால் மலிவான வழி எலும்பு ஒன்றுதான் என்பது உண்மையன்று. பாக்டீரியாப் படலத்தை ஈறின் விளிம்பில் அன்றாடம் துடைத்தெடுப்பதே மெய்ப்பிக்கப்பட்ட வழி. அதற்கு மென்மையான சிறு தூரிகையோ, விரலில் சுற்றிய ஈரத் துணியோ போதும். குட்டியாக இருக்கும்போதே தொடங்கினால் பெரும்பாலான பூனைகள் பழகிவிடும். முதல் வாரம் உதட்டைத் தொட்டுவிட்டு ஒரு துண்டு வெந்த மீன். அடுத்த வாரம் விரலில் துணி. பிறகு மேற்கடைவாய்ப் பற்களின் வெளிப்புறம் மட்டும். உட்புறத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். முழு வேலைக்கும் அரை நிமிடம் ஆகும். மனிதரின் பற்பசை கூடாது. பூனை துப்பாது, விழுங்கிவிடும். விழுங்குவதற்காக அது செய்யப்பட்டதன்று. பசை இல்லாமல் வெறும் ஈரத்துணியாலும் தொடங்கலாம். கடிக்கும் ஆசையைத் தீர்க்க எலும்பு நீக்கி வேகவைத்த பெரிய இறைச்சித் துண்டு இருக்கிறது.

வயது முதிர்ந்த, பழக மறுக்கும் பூனையானால், மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் மேலுதட்டைத் தூக்கிப் பார்ப்பதாவது இயலும். பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சிவப்பு இருக்கிறதா, வாயிலிருந்து அழுகிய நாற்றம் வருகிறதா, எச்சில் ஒழுகுகிறதா என்று பார்த்து, இருந்தால் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை தடுப்பூசிக்குப் போகும்போது வாயையும் பார்க்கச் சொல்வதற்குத் தனிக்கட்டணம் பெரும்பாலும் இல்லை. கேட்பவர்தான் இல்லை.

எலும்பு அறிவுரைக்கு இவ்வளவு வரவேற்பு இருப்பதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. எலும்பைத் தட்டில் போட்டுவிட்டால் பூனையின் வாயைத் திறக்க வேண்டியதில்லை. இயற்கை தன் வேலையைச் செய்கிறது என்ற மனநிறைவோடு நகர்ந்துவிடலாம். மேரியன் தீவுப் பூனைகளுக்கு இயற்கை செய்த வேலை அவற்றின் தாடை எலும்பில் பதிந்திருக்கிறது. அங்கே அவற்றின் உதட்டைத் தூக்கிப் பார்க்க ஒருவரும் இல்லை. வீட்டுப் பூனைக்கு ஒருவர் இருக்கிறார். அந்த அரை நிமிடத்தை அவர்தான் ஒதுக்க வேண்டும்.